தாத்தாவின் வீர் சக்ரா: கதையைத் தேடி எடுப்பது எப்படி?

காட்பாடி, குடியாத்தம், அந்தப் பக்கம் சித்தூர் வரைக்கும் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய. பீரோவில் மெடல் பத்திரமாக இருக்கும், ஆனால் எந்தச் சண்டையில், எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும்.

முதலில் ரிப்பனைப் பாருங்கள். பாதி கருநீலம், பாதி காவி என்றால் வீர் சக்ரா. பாதி வெள்ளை, பாதி காவி என்றால் மகா வீர் சக்ரா. இரண்டுமே எதிரிக்கு முன்னால் காட்டிய வீரத்துக்குத்தான். சௌர்ய சக்ரா வேறு வகை, எதிரியோடு மோதும் போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம். கூடவே பூர்வி ஸ்டார் என்ற மெடல் இருந்தால் 1971 போரில் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை.

அப்புறம் மெடலின் விளிம்பு. ராணுவ எண்ணும் பெயரும் அங்கே பொறித்திருக்கும். பழைய அதிகாரிகளின் எண் பெரும்பாலும் ஐசி என்று தொடங்கும். அந்தப் பெயரை வைத்துப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்தில் தேடுங்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று சொல்லும் விருதுக் குறிப்பு கிடைக்கலாம்.

குறிப்பை வாசிக்கும்போது எத்தனை எதிரிகளைச் சுட்டார் என்பதிலேயே நிற்காதீர்கள் (வீட்டில் அதைத்தான் பெருக்கிச் சொல்வார்கள்), கம்பெனி (அவர் இருந்த படைப்பிரிவு) குண்டுமழையில் சிக்கி நின்றபோது அதிகாரி எங்கே இருந்தார், அடுத்த அடியை யார் எடுத்து வைத்தார் என்று பாருங்கள். உதாரணமாக, திருச்சியில் வளர்ந்த மேஜர் சரவணன் 1999 மே மாதம் கார்கில் போரில் படாலிக்கில் தாக்குதலை முன்னின்று நடத்தி உயிர்விட்டார், மறைவுக்குப் பின் வீர் சக்ரா வந்தது.

தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால், எண்ணையும் பட்டாலியனையும் குறிப்பிட்டு நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் மையத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.