பூட்டிக் கிடந்த ஃபிளாட்டில் வாடை: என் அனுபவம்

தாம்பரத்தில் அம்மாவின் ஃபிளாட் ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. விற்பதற்காகக் காட்ட ஆரம்பித்தால், வருகிறவர்கள் ஹாலில் நன்றாகப் பேசுவார்கள். படுக்கையறைக்குள் போனதும், "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். ஏழு குடும்பம் இப்படியே போனது.

இருட்டாகத் தெரிகிறதோ என்று வெள்ளை பெயின்ட் அடித்தேன், பல்பு மாற்றினேன், பழைய பீரோவை அகற்றினேன். பினாயில், சாம்பிராணி எல்லாம் பார்த்தாயிற்று. கொஞ்ச நேரத்தில் லேசான சாக்கடை வாடை திரும்ப வந்துவிடும்.

கடைசியில் பிளம்பர் வந்து படுக்கையறையை ஒட்டிய குளியலறையின் தரையில், தண்ணீர் போகும் ஓட்டையை மூடியிருந்த சல்லடைத் தட்டைத் தூக்கிக் காட்டினார். "தண்ணியே இல்ல, பாருங்க சார்." அடியில், தண்ணீர் வடிந்து போகும் கிண்ணம் போன்ற நஹானி ட்ராப்பில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடைக் காற்றை மேலே விடாமல் தடுக்கிறது. புழங்காத வீட்டில் அது காய்ந்துவிடும். அந்த நிலையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் வாடையை இன்னும் உள்ளே இழுக்கும். நான் தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு குளியலறை, பால்கனி, வாஷிங் மெஷின் மூலை என எல்லா ட்ராப்பிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டோம். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

அடுத்த ஞாயிறு வந்த குடும்பம் படுக்கையறையிலேயே நின்று, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று பேசியது. அப்போதுதான் எனக்கு நிம்மதி. அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள்.