ஃபார்மிங் சிமுலேட்டர் 22: எந்த அறுவடைக்குப் பிறகு உழவு?

சேலத்துக் குச்சிக்கிழங்குக் காட்டில் சட்டிக்கலப்பை ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த விவசாய வீடியோ கேமில் உழவு எளிது. உருளைக்கிழங்கு, சுகர்பீட் (சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகை), மக்காச்சோளம் எடுத்த வயலைக் கட்டாயம் உழ வேண்டும். விட்டால் 15 சதவீத விளைச்சல் போனஸ் கிடைக்காது. கோதுமை, பார்லிக்குக் கல்டிவேட்டரே போதும், டீசலை வீணாக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் மேப்பில் மண் நிலையைத் திறந்து, ‘உழவு தேவை’ நிறம் எங்கே என்று பாருங்கள். மண்ணை ஆழமாகக் கிளறும் சப்சாய்லர் ஓட்டினாலும் அந்த நிறம் மறையும்.

பலர் கோட்டை விடுவது ‘வயல் உருவாக்கு’ பட்டனில்தான். அது ஆனில் இருந்தால் கலப்பை வரப்பைத் தாண்டிப் புல்லையும் கிழிக்கும், வயலின் எல்லையே கோணலாகும். ஓரம் உழும்போது ஆஃப் செய்யுங்கள். கேம் செட்டிங்கில் கற்கள் ஆனில் இருந்தால், உழுததும் கற்கள் மேலே வரும். விதைக்கும் முன் பொறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கருவிகள் சீக்கிரம் தேயும்.