ஹெட்லைட் பெசலுக்கு வீட்டிலேயே கருப்பு பெயின்ட்

ஹாலோஜன் பல்பு போட்ட கார்களின் ஹெட்லைட்டுக்குள், பல்பைச் சுற்றிக் குரோம் பூச்சோடு பளபளக்கும் பிளாஸ்டிக் சட்டம்தான் பெசல். அதைக் கருப்பாக்கினால் பழைய வண்டியின் முகமே மாறிவிடும். இதில் பெயின்ட் அடிப்பது சுலபம். லென்ஸ் உடையாமல் பிரிப்பதிலும், மழைத்தண்ணீர் புகாதபடி திரும்ப ஒட்டுவதிலும்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கை வைப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். பல்புக்குப் பின்னால் கிண்ணம் போல இருப்பது ரிஃப்ளெக்டர். வெளிச்சத்தைச் சாலைக்கு அனுப்புவது அதுதான் என்பதால் அதில் ஒரு சொட்டு பெயின்ட்கூடப் படக்கூடாது. பெசலும் ரிஃப்ளெக்டரும் தனித்தனியா என்று தெரிந்துகொள்ள, ஹெட்லைட்டின் பின்புறம் உள்ள உயரம் சரிசெய்யும் ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்புங்கள். எத்தனை சுற்று என்பதை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ரிஃப்ளெக்டர் மட்டும் அசைந்து பெசல் அப்படியே நின்றால் இரண்டும் வேறு வேறு. இரண்டும் சேர்ந்தே அசைந்தால் ஒரே வார்ப்பாக இருக்கலாம். அப்படியானால் இந்த வேலை வேண்டாம். பார்த்து முடித்ததும் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

அடுத்தது ஒட்டுப்பசை. லென்ஸும் பின்கூடும் சேரும் இடுக்கில் ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி உள்ளே இறங்கி, இழுக்கும்போது கருப்பாக நூல் விட்டால் அது பியூட்டைல். சூடு காட்டினால் இளகும். ரப்பர் போலத் திமிறித் திரும்பி வந்தால் அது சூட்டுக்கு இளகாத வகை. அறுத்துத்தான் பிரிக்க வேண்டும், லென்ஸ் விரிசல் விடும். அந்த லைட்டை விட்டுவிடுவதே நல்லது. உள்ளே எல்.இ.டி. போர்டு இருக்கும் லைட்டுகளும் இந்த முறைக்குச் சரிப்படாது.

தேவையானவை: ஹீட் கன், 600 மற்றும் 1000 நம்பர் வாட்டர் பேப்பர், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், பிளாஸ்டிக்குக்கான பிரைமர், சாட்டின் கருப்பு ஸ்ப்ரே 400 மி.லி. கேன் ஒன்று (இரண்டு பெசலுக்கும் தாராளம்), லைட்டுக்கு சுமார் 2 மீட்டர் என்ற கணக்கில் பியூட்டைல் கயிறு, ஏழெட்டு ஸ்ப்ரிங் கிளாம்ப், பருத்தி கையுறை. முழுப் பளபளப்பான கிளாஸி கருப்பைவிட, லேசாக மட்டும் மினுக்கும் சாட்டின் நல்லது. கிளாஸியில் தூசியும் தேய்த்த கோடுகளும் வெயிலில் பளிச்சென்று தெரியும்.

கழற்றுவதற்கு முந்தின இரவு, சமதரையில் வண்டியைச் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சம் வெட்டி நிற்கும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி வையுங்கள். மறுநாள் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு லைட்டை வெளியே எடுக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் முன் பம்பரையும் இறக்க வேண்டியிருக்கும். பல்பு, கப்ளர், ரப்பர் மூடி, விளிம்பைச் சுற்றியுள்ள ஸ்க்ரூ, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு ஸ்க்ரூ மறந்தாலும் இழுக்கும்போது லென்ஸின் காது (விளிம்பில் நீட்டியிருக்கும் பிடி) ஒடிந்துவிடும்.

ஹீட் கன்னை 10 முதல் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் இடுக்கு முழுவதும் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். விளிம்பு 90 முதல் 100 டிகிரி வரை சூடானால் போதும். அதற்கு மேல் போனால் பாலிப்ரோப்பிலீன் பின்கூடு வளைந்துவிடும். பிறகு எந்தப் பசை போட்டாலும் தண்ணீர் இறங்கும். ஒரு மூலையில் தொடங்குங்கள். டேப் சுற்றிய தட்டை ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு, காதைத் தூக்கி, மெதுவாக நெம்புங்கள். பசை இழுபட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் லென்ஸ் மட்டும் வளைந்தால் நிறுத்திவிட்டு இன்னும் சூடு காட்டுங்கள். திறக்கும்போது தொங்கும் பசை நூல்களைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள்; ரிஃப்ளெக்டரில் விழுந்து ஒட்டினால் அந்தத் தடம் போகாது. அதன் அலுமினியப் பூச்சு ஒரு மைக்ரானைவிட மெல்லியது, துணியால் ஒரு தடவை துடைத்தாலே கீறல் விழும். திறந்த கையோடு சுத்தமான பாலிதீன் போட்டு மூடி வையுங்கள். தூசி இருந்தால் ஊதும் பம்பால் ஊதினால் போதும்.

பெசலைத் தனியாகக் கழற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். 600 பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மினுமினுப்பு போகும்வரை தேய்த்து, 1000 பேப்பரால் முடியுங்கள். குரோம் முழுவதும் உரிய வேண்டிய அவசியமில்லை, பளபளப்பு செத்தால் போதும். பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். பெயின்ட் கடை தின்னரைத் தொடவே வேண்டாம். அது பட்டால் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல்கள் ஓடும்.

பிரைமர் மெல்லிசாக ஒரு கோட். 10 நிமிடம் கழித்து, 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து கருப்பு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 நிமிடம். முதல் கோட் தூவினாற்போல இருக்கட்டும், அடியில் உள்ளது தெரிந்தால் பரவாயில்லை. ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் பெயின்ட் வழியும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் அடிக்காதீர்கள்; காற்றின் ஈரம் பெயின்டில் இறங்கி வெள்ளை பூத்துவிடும். பல்புக்கு முன்னால் சின்ன உலோகத் தொப்பி இருந்தால் அதற்கு இந்த பெயின்ட் வேண்டாம், அங்கே சூடு மிக அதிகம்.

அதிகம் பேர் சறுக்குவது காய வைப்பதில்தான். ஒரு மணி நேரத்தில் கையில் ஒட்டாது, ஆனால் பெயின்டுக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேறப் பல நாள் ஆகும். அதற்குள் மூடி ஒட்டிவிட்டால், எச்4 வகை ஹாலோஜன் பல்பின் 55, 60 வாட் சூட்டில் அது ஆவியாகி லென்ஸின் உட்புறம் பனி மூட்டம் போலப் படியும். துடைக்க வேண்டுமென்றால் மறுபடி பிரித்தாக வேண்டும். காற்றோட்டமான நிழலில் குறைந்தது மூன்று நாள், ஈரப்பதமான ஊரில் ஒரு வாரம் விடுங்கள். பிறகு பெசலை ஒரு பாலிதீன் பையில் கட்டி ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, பிரித்து முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை.

பழைய பசை சுத்தமாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம். மண் ஏறியிருந்தால் சூடாக்கிச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுக் கயிற்றைப் பள்ளத்தில் இடைவெளி இல்லாமல் பதித்து, முனைகளை 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக விடுங்கள். வினிகர் வாடை வரும் சிலிக்கான் வேண்டாம், அதன் அமில ஆவி ரிஃப்ளெக்டர் பூச்சைக் கெடுக்கும். லென்ஸை வைத்து, விளிம்பைத் திரும்பச் சூடாக்கி, அழுத்தி, கிளாம்ப் போட்டு ஆற விடுங்கள். ஸ்க்ரூக்களை அதன் பிறகே முடுக்குங்கள்.

வண்டியில் மாட்டும் முன் பல்பையும் மூடிகளையும் போட்டு, பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் அடித்துப் பாருங்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். உள்ளே துளித்துளியாகத் தண்ணீர் நின்றால் ஒட்டு சரியில்லை. காலையில் லேசாக ஆவி படிந்து, லைட் போட்டதும் போனால் கவலை வேண்டாம். அதற்காகப் பின்னால் உள்ள காற்றுத் துளைகளைச் சிலர் அடைக்கிறார்கள். அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கடைசியாக, அதே சுவருக்கு முன் அதே தூரத்தில் வண்டியை நிறுத்தி, வெளிச்சக் கோடு டேப்போடு பொருந்தும்வரை ஸ்க்ரூவைத் திருப்புங்கள். டேப் ஒட்ட மறந்திருந்தால், லைட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதற்கு 7.5 செ.மீ. கீழே கோட்டை நிறுத்துங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காது.