சுடுதண்ணீர் நூலாக வடிந்தால் உடனே பம்ப் வாங்காதீர்கள்

என்னிடம் வேலை பழகும் தம்பி போன வாரம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டிலிருந்து அழைத்தான். ஆறாம் மாடி. "அண்ணை, குளியலறையில் சுடுதண்ணீர் நூலாக வடிகிறது. ஒரு பம்ப் பூட்டினால் சரி. வீட்டு அம்மாவிடம் விலையும் சொல்லிவிட்டேன்" என்றான். பச்சைத்தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டேன். அது நன்றாக வருகிறதாம். குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பதினைந்து வருடத்துக்கு முன், அதே வெள்ளவத்தையில், அதே ஆறாம் மாடியில் நான் விட்ட பிழையை அவன் எழுத்துக்கு எழுத்து விடப் பார்த்தான்.

வால்வைத் திறக்க மறப்பது, கீசரின் மின்சாரத்தை நிறுத்தாமல் கை வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. முதலாவது ஐந்து நிமிட வெட்கம். இரண்டாவதைச் செய்கிறவர் இதை வாசிக்க இருக்கமாட்டார்.

பச்சைத்தண்ணீரை அளக்காமல் தொடங்குவது

10 லீற்றர் வாளி ஒன்றும் கைப்பேசியில் உள்ள கடிகாரமும் போதும். ஒரே குழாயில் முதலில் பச்சைத்தண்ணீரை முழுதாகத் திறந்து வாளி நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். பிறகு சுடுதண்ணீர்.

இரண்டும் இழுத்தடித்தால் அழுத்தம் போதாது என்று அர்த்தம். மொட்டைமாடித் தாங்கியிலிருந்து 10 மீற்றர் கீழே இறங்கினால்தான் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் வரும். மேல்மாடி ஷவர் தாங்கியிலிருந்து இரண்டரை மீற்றர் கீழே இருந்தால் கால் பார்தான். கீழ்மாடிக்காரர் "எங்கள் வீட்டில் பாய்கிறதே" என்று சொல்வது இதனால்தான்.

பச்சைத்தண்ணீர் பாய்ந்து, சுடுதண்ணீர் மட்டும் சோர்ந்தால் கதை வேறு. இரண்டும் ஒரே தாங்கியிலிருந்துதான் இறங்குகின்றன. கீசருக்குப் பிரியும் இடத்துக்கும் குழாயின் வாய்க்கும் இடையில் எங்கோ ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது.

பம்ப்

அன்று நான் வாளி வைக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. ஷவரைத் திறந்து பார்த்தேன், மேல்மாடி என்பதை நினைத்தேன், "பிரஷர் போதாது டீச்சர்" என்று தீர்ப்பும் சொன்னேன். அவர் காசு எடுத்துத் தந்தார். பழைய சோனகத் தெருவுக்குப் போய் நல்ல பம்ப்பாகப் பார்த்து வாங்கினேன். மொட்டைமாடியில் சீமெந்துக் கட்டை கட்டி, ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று பூட்டினேன். மாலையில் திறந்தபோது பச்சைத்தண்ணீர் சுவரை அறைந்தது. சுடுதண்ணீர் கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான். ஷவரில் இரண்டையும் கலந்தால் பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீரை அமுக்கிவிட்டது. முன்பு மெதுவாகவேனும் சூடாகக் குளித்தவருக்கு இப்போது இளஞ்சூடும் இல்லை.

காரணம் எளிது. ஒடுங்கிய இடம் ஒன்றால் இரண்டு மடங்கு தண்ணீர் போக வேண்டுமென்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் முழுவதும் அடைப்பில் செலவாகிறது. அடைப்பில்லாத பச்சைத்தண்ணீர்க் குழாயோ கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு பாய்கிறது.

கதை அதோடு முடியவில்லை. சமையலறைக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்ததால் பம்ப் இரவெல்லாம் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை உறுமியது. நான்காம் நாள் இரவு, கால் பார் அழுத்தத்தில் காலம் தள்ளிய பழைய மூட்டு ஒன்று விட்டுவிட்டது. ஐந்தாம் மாடி வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்து, பூச்சும் பெயர்ந்தது. அதற்கான செலவு என் கையிலிருந்து போனது.

அடுத்த நாள்தான் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். கீசரை நிறுத்தி, ஆறவிட்டு, அதன் வெளிவாய்க்கும் சுவர்க் குழாய்க்கும் நடுவில் இருந்த பின்னல் ஹோஸைக் கழற்றினேன். ஒரு முனையில் கண்ணை வைத்து யன்னல் பக்கம் பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை. வெளியே பின்னல் பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்த ரப்பர்க் குழாய் சூட்டில் வெந்து, இறுகி, பாதி வழியில் மடிந்து கிடந்தது. கம்பி நுழையும் இடைவெளிதான் மிச்சம். புது ஹோஸ் ஒன்றின் விலை அன்று இரண்டு சோற்றுப் பார்சல் விலை. பூட்டப் பத்து நிமிடம்.

டீச்சர் கோபிக்கவில்லை. "அப்படியென்றால் தம்பி, இந்த பம்ப் எதற்கு?" என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் அதைத் திருப்பி எடுக்க மறுத்தார். டீச்சருக்குக் காசைத் தவணையாகக் கொடுத்து முடித்தேன். அந்த பம்ப் இன்றும் என் வீட்டு வாழைகளுக்குத் தண்ணீர் இறைக்கிறது. அதன் சத்தம் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

ஆகவே தேடும் முறை இதுதான். வீட்டில் வேறு சுடுதண்ணீர்க் குழாய் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். ஒன்று மட்டும் மெலிந்தால் குற்றவாளி அந்தக் குழாயில்தான் இருக்கிறான். எல்லாம் மெலிந்தால் கீசரின் பக்கம். பிறகு நுனியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாயில் நுழையும் ஹோஸைக் கழற்றி வாளிக்குள் விட்டு வால்வைத் திறவுங்கள். பாய்ந்தால் மிக்சருக்குள் அடைப்பு. பாயாவிட்டால் ஹோஸ், அதற்குப் பின் சுவர் வால்வு, அதற்குப் பின் கீசரின் வெளிவாய், கடைசியாகத் தண்ணீர் கீசருக்குள் போகும் வாயில் இருக்கும், மிகையான அழுத்தத்தை வெளியே விடும் காப்பு வால்வு. தாங்கியின் அடியில் படிந்த மண், அதற்குள் உள்ள ஒருவழி அடைப்பானில் சிக்குவது வழக்கம். ஒவ்வொரு மூட்டையும் திறக்கும்போது ஓட்டம் எங்கே உயிர்பெறுகிறதோ, அதற்குச் சற்று முன் நீங்கள் கழற்றிய துண்டில்தான் நோய்.

இரண்டு தண்ணீரும் சோர்ந்திருந்தால் மட்டும் பம்ப் பற்றிப் பேசலாம்.

சுண்ணாம்பின் மேல் பழி போடுவது

யாழ்ப்பாணத்தில் வேலை பழகி வருபவர்கள் கீசரைப் பார்த்ததும் அமிலம் தேடுவார்கள். அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் கிணற்றுத் தண்ணீர். கேத்தல் அடியில்கூட வெள்ளை படியும். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு வருவது. மென்மையான தண்ணீர். இங்கே நான் கழற்றிய அடைப்புகளில் மண், துரு, ரப்பர்த் துணுக்கு ஆகியவைதான் அதிகம். கட்டடத்தில் குழாய்க்கிணறு இருந்தால் மட்டும் சுண்ணாம்பைச் சந்தேகியுங்கள்.

காப்பு வால்வு சொட்டுகிறதென்று அடைப்பது

செய்யவே கூடாது. 50 லீற்றர் தண்ணீர் 27 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடாகும்போது முக்கால் லீற்றருக்கு மேல் விரிகிறது. அது வெளியேற அந்தத் துளைதான் வழி.

உடனடிச் சூடாக்கியிடம் வெள்ளம் கேட்பது

ஷவரோடு சுவரில் பூட்டும் சிறிய பெட்டிக்கு வலு 3.5 கிலோவாற்று என்றால், தண்ணீரை 12 பாகை சூடாக்கி நிமிடத்துக்கு 4 லீற்றர் அளவில்தான் தர முடியும். அது பழுதில்லை, கணக்கு. பெரிய மழைத்தூறல் ஷவர் பூட்டிவிட்டுச் சூடில்லை என்று என்னை அழைக்காதீர்கள்.

சுடுதண்ணீருக்குச் சாதாரண பிவிசி

60 பாகையில் தளரும். வேண்டாம்.

20 மில்லிமீற்றரை நம்புவது

பிபிஆர் எனும், உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் குழாயில் 20 என்பது வெளி விட்டம். சுடுதண்ணீருக்கான தடித்த வகையில் உள்ளே மிஞ்சுவது 13 மில்லிமீற்றர்தான். அதை 260 பாகைச் சூட்டில் உருக்கி ஒட்டும்போது அதிக நேரம் பிடித்தால் உள்ளே ஒரு வளையம் திரண்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மூட்டு அழகாகவே இருக்கும்.

திரெட் டேப்பை நுனிவரை சுற்றுவது

தண்ணீர் கசியாமல் மரையில் சுற்றும் வெள்ளை நாடா இது. மரையின் முதல் சுற்றை வெறுமையாக விட வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது டேப் அறுந்து உள்ளே போகும். ரப்பர் வாஷர் உள்ள ஹோஸுக்கு டேப்பே தேவையில்லை.

போன வாரம் ஆறாம் மாடியில் கிடைத்தது இதுதான். ஹோஸைக் கழற்றியதும் தண்ணீர் வாளியை நிரப்பிவிட்டது. மிக்சரின் சுடுதண்ணீர் வாயில் இருந்த அரிதட்டைத் தம்பி நகத்தால் நெம்பினான். அதன்மேல் வெள்ளை டேப் சுருண்டு, மண்ணைப் பிடித்துப் பழுப்பேறி, ஒரு மூடி போலவே உட்கார்ந்திருந்தது. இழுத்தால் மூன்று விரல் நீளம் வந்தது. இந்த மிக்சரைப் பூட்டியது யார் என்று கேட்டேன். எட்டு மாதத்துக்கு முன் அவனேதான். வீட்டு அம்மா வாசலில் வந்து நின்று, கூலி எவ்வளவு என்று விசாரித்தார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் வாளியை எடுத்துக்கொண்டு பல்கனிப் பக்கம் போய்விட்டேன்.