பூனை ஊசிப்போன மீனைத் தின்றுவிட்டால்

மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள், ஒரு பையில் கட்டி வையுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றுதான் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பார். பச்சை மீன் கழிவா, குழம்பு மீனா என்பதையும் பாருங்கள். குழம்பென்றால் கெட்டுப்போனதைவிட அதிலுள்ள வெங்காயமும் பூண்டுமே மோசம். அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பில் கொண்டுபோய் விடும். நம் மாத்திரைகளும் கூடவே கூடாது. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொல்லலாம்; அதைச் செயலிழக்க வைக்கும் நொதி அதன் ஈரலில் போதிய அளவு கிடையாது. பால் ஊற்றினால் விஷம் முறியாது, வயிற்றுப்போக்குதான் கூடும்.

ஓரிரு முறை கக்கிவிட்டு வழக்கம்போல நடமாடினால் வீட்டிலேயே பார்க்கலாம். வளர்ந்த பூனைக்கு 6 மணி நேரம் சாப்பாடு வேண்டாம். தண்ணீரை நிறுத்தாதீர்கள், ஆனால் கிண்ணம் நிறைய வைத்தால் மடமடவென்று குடித்து மறுபடி கக்கும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி போதும். குடிக்க மறுத்தால் சிரிஞ்சால் தொண்டைக்குள் பீய்ச்ச வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

பிறகு தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறியை உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து ஒரு மேசைக்கரண்டி வையுங்கள். உள்ளே தங்கினால் 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அதே அளவு. மூன்றாம் நாள் பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம். 24 மணி நேரமாகியும் எதையும் தொடாவிட்டால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படியும்.

இடையிடையே ஈறை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பிடரித் தோலை இழுத்து விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம்போல நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது.

குட்டி, கிழட்டுப் பூனை, சினைப் பூனை என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம். வாந்தி நிற்காமல் வந்தாலும், ரத்தம் கலந்திருந்தாலும், மூச்சு வாங்கினாலும் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். நடுக்கமும் தள்ளாட்டமும் இருந்தால் பூஞ்சணம் பிடித்த எதையாவது தின்றிருக்கலாம், அதுவும் அவசரம்தான். எச்சில் ஒழுக வாயைக் காலால் பிறாண்டினால் முள் சிக்கியிருக்கும்.

மீன் கழிவோடு தூண்டில் நரம்பும் சில நேரம் உள்ளே போய்விடும். வாயிலோ ஆசனவாயிலோ நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள். மறுமுனை எங்காவது மாட்டியிருந்தால் அது குடலையே அறுத்துவிடும்.