பார்சல் அனுப்பினால்தான் ஏற்றுமதியா? ஆய்வகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு (சில பொருள்களும் தொழில்நுட்பமும் அரசின் உரிமம் இல்லாமல் வெளிநாட்டவர் கைக்குப் போகக் கூடாது என்னும் சட்டம்) என்று பேச்செடுத்தாலே, "நாங்கதான் எதையும் வெளிநாட்டுக்கு அனுப்புறதில்லையே" என்பார்கள். முதல் தவறே அதுதான். கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் தொழில்நுட்ப விவரத்தை, அதே லேபில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு மாணவரிடம் காட்டினாலே, அவர் நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது, மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பொருந்தும்.

அதற்காக வெளிநாட்டு மாணவர்களையே ஒதுக்கி வைப்பது அதைவிடப் பெரிய தவறு. பெரும்பாலான ஆய்வுகளுக்கு உரிமமே தேவைப்படாது.

அப்புறம், அடிப்படை ஆராய்ச்சிக்கு இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து கிடைக்கும் விலக்கு. தடையில்லாமல் வெளியிடப்போகும் ஆய்வு முடிவுகளுக்கு அது உண்டு, ஆனால் கருவிக்கோ மாதிரிக்கோ, ஒரு நிறுவனம் ரகசியம் என்று சொல்லிக் கொடுத்த தகவலுக்கோ கிடையாது. நிதி தருபவர் "எங்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, பேராசிரியரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் விலக்கு போய்விடும். அப்படி ஒரு நிபந்தனைக்கு மெயிலில் சும்மா "சரி" என்று ஒத்துக்கொள்வதும் ஆபத்துதான்.

டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத் வழக்கை இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும். விமானப்படைக்காக நடந்த ஆளில்லா விமான ஆய்வின் விவரங்களைச் சீன, ஈரானிய மாணவர்கள் பார்க்க விட்டார், ஆய்வு ஆவணங்களோடு சீனாவுக்கும் போய் வந்தார். பல்கலைக்கழக அதிகாரி முன்கூட்டியே எச்சரித்தும் கேட்கவில்லை. 2008-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2009-இல் 4 ஆண்டு சிறைத்தண்டனை.

பயணத்துக்கு முன் லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், தேவையில்லாததை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கூட்டு ஆய்வுக்கு வரும் நிறுவனத்தின் பெயர் அமெரிக்க அரசின் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்றும் தேடுங்கள், அதில் பல்கலைக்கழகங்களும் உண்டு. மாதிரிகளைக் கூரியரில் போடுவதற்கு முன்னும் இதே கவனம் வேண்டும்: நோய்க்கிருமி மாதிரிகளை உரிமம் இல்லாமல் வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பியதற்காக, 2021-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 54,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

தவறு நடந்தது தெரிந்தால் மெயில்களை அழிக்காதீர்கள். உடனே பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் சொல்லிவிடுங்கள். பிரின்ஸ்டனும் தானாகவே முன்வந்துதான் தெரிவித்தது, அப்படித் தெரிவிப்பது தண்டனையைக் குறைக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.