ஒயாகோதோன்: முட்டை இறுகாமல் வர

வீட்டில் ஒயாகோதோன் (கோழியும் முட்டையும் சாற்றில் வேகவைத்துச் சோற்றின் மேல் போடும் ஜப்பானியச் சாப்பாடு) செய்யும்போதெல்லாம் எனக்குத் தொல்லை முட்டையில்தான். சோற்றின் மேல் குழைவாகப் படிய வேண்டியது, பொடிமாஸ் மாதிரி உதிர்ந்து நிற்கும். சாறு தனியாக அடியில் தேங்கும்.

இப்போது செய்வது இப்படி. ஆளுக்கு இரண்டு முட்டை. நுரைக்க அடிக்காமல், சாப்ஸ்டிக்கால் நாலைந்து முறை வெட்டிவிட்டால் போதும். வெள்ளையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகத் தெரிய வேண்டும். சின்ன வாணலியில் 100 மில்லி தாஷி (கடற்பாசி, உலர்மீன் போட்டு எடுக்கும் ஜப்பானியச் சாறு), சோயா சாஸும் மிரினும் (இனிப்பான சமையல் அரிசி ஒயின்) தலா ஒன்றரை மேசைக்கரண்டி, கொஞ்சம் சர்க்கரை. அதில் வெங்காயமும் எலும்பில்லாத கோழித் தொடைக்கறியும் முழுசாக வெந்த பிறகுதான் முட்டை. (நெஞ்சுக்கறி வேண்டாம், சக்கையாகிவிடும்.) முக்கால் பங்கைச் சுற்றி ஊற்றுங்கள். கிளறவே கூடாது! ஓரம் வெளுத்ததும் மீதியையும் ஊற்றி, மூடி, அடுப்பை அணைத்துவிடுங்கள். அரை நிமிடம் கழித்து வாணலியை லேசாக ஆட்டினால் நடுப்பகுதி தளதளவென்று அசையும். அப்படியே சூடான சோற்றில் சரித்துவிடலாம்.

ஜப்பானில் முட்டையைப் பச்சையாகவே சாப்பிடுவார்கள், அதனால் இந்தப் பதம் அங்கே சாதாரணம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்றால் சிறு தீயிலேயே மூடி வைத்து, முட்டை முழுதும் வெந்த பிறகு இறக்குங்கள்.